பழைய காரில் புது ஹெட்லைட்: எந்தக் கோளாறுக்கு எங்கே மீட்டர் வைப்பது

சென்னை புதுப்பேட்டையில் பேரம் பேசி ஒரு ஜோடி 7 அங்குல ஹெட்லைட் வாங்கி வந்து பத்மினியிலோ அம்பாசடரிலோ ஹெரால்டிலோ மாட்டுகிறோம். கண்ணாடி பளபளக்கிறது. ரிஃப்ளெக்டரில் முகம் பார்க்கலாம் போல இருக்கிறது. இருட்டியதும் தெருவில் இறக்கி லைட்டைப் போட்டால் அதே பழைய மஞ்சள் வெளிச்சம். அடுத்த நாள் போய் கூடுதல் வாட் பல்பு வாங்குகிறோம். அதற்கடுத்த வாரம் ஹோல்டர் உருகுகிறது. இந்த வரிசை முழுவதையும் என் 1989 பத்மினியில் நான் பார்த்துவிட்டேன். பல்புக்கும் லைட்டுக்கும் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி தேவையே இல்லாத செலவு. கோளாறு ஒவ்வொரு தடவையும் ஒயரில்தான் இருந்தது.

அதனால் இங்கே நான் கேட்கச் சொல்வது ஒரே ஒரு கேள்வி: பேட்டரியில் இருக்கிற வோல்டேஜ் பல்பு வரை வருகிறதா, வராவிட்டால் நடுவில் எங்கே தொலைகிறது? கோளாறு எந்த வடிவில் வந்தாலும் இதைத்தான் கேட்க வேண்டும். மீட்டரை வைக்கும் இடம் மட்டும் மாறும்.

லோ பீமை டிம் என்றும் ஹை பீமை பிரைட் என்றும்தான் நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

தேவையான சாமான் அதிகமில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப் ஒன்று, இரண்டு முனையிலும் கிளிப் வைத்த மூன்று மீட்டர் ஒயர், உப்புத்தாள். ஒயரை வெட்டவோ இணைக்கவோ போகிறீர்கள் என்றால் முதலில் பேட்டரியின் எர்த் கேபிளை, அதாவது காரின் பாடிக்குப் போகும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். பிரிட்டிஷ் வழி வந்த மிகப் பழைய கார்களில் பாசிட்டிவ்தான் பாடிக்கு எர்த் ஆகியிருக்கும். எது பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கீழே நான் எழுதுவது நெகட்டிவ் எர்த் கார்களுக்கு.

இன்னொன்று. பழைய ரிஃப்ளெக்டரையே வைத்துக்கொண்டு பல்பை மட்டும் மாற்றியிருந்தால், பல்பைக் கழற்றி உள்ளே பாருங்கள். வெள்ளிப் பூச்சு மங்கி, சாம்பல் படிந்த பாத்திரம் மாதிரி இருந்தால் எந்த ஒயரிங்கும் உதவாது. லைட்டைத்தான் மாற்ற வேண்டும். துணியால் தேய்க்காதீர்கள், மிச்சமுள்ள பூச்சும் கையோடு வந்துவிடும்.

இரண்டு பக்கமும் மங்கலாக, மஞ்சளாக எரிகிறது

அதிகம் வருவது இந்தக் கோளாறு. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

சாதாரண எச்4 பல்பு, அதாவது டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி இழை உள்ள ஹாலஜன் பல்பு, 60/55 வாட்: பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55. டிம்மில் ஒரு பல்பு சுமார் நாலரை ஆம்பியர் இழுக்கும், இரண்டும் சேர்ந்தால் ஒன்பதுக்கு மேல். பிரைட்டில் பத்து. பழைய கார்களில் இந்தக் கரன்ட் முழுவதும் பேட்டரியிலிருந்து டேஷ்போர்டுக்கு வந்து, லைட் சுவிட்ச் வழியாக, டிம்மையும் பிரைட்டையும் மாற்றும் டிப்பர் சுவிட்ச் வழியாக, திரும்பவும் முன்னால் போய்த்தான் பல்பைச் சேரும். நடுவில் ரிலே (சின்னக் கரன்ட்டில் இயங்கி, பெரிய கரன்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) கிடையாது. முப்பது நாற்பது வருடம் ஆன சுவிட்ச், அதே வயது ஒயர், துரு ஏறிய ஃபியூஸ் கிளிப் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் வோல்டேஜை எடுத்துக்கொள்ளும்.

இழை பல்புக்கு ஒரு குணம் உண்டு. வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் பத்து சதவீதம் குறையாது, ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். 13.5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 11 வந்தால் வெளிச்சம் பாதியாகிவிடும், நிறமும் மஞ்சளாகும். பல்பு நன்றாக இருந்தும் இப்படித்தான் எரியும்.

அளக்கும்போது பலரும் தவறுவது ஒரு இடத்தில். பல்பு சாக்கெட்டைப் பிடுங்கிவிட்டு, காலி சாக்கெட்டில் மீட்டரை வைப்பார்கள். 12.6 காட்டும். "சப்ளை ஃபுல்லா வருதே" என்று பல்பைக் குறை சொல்வார்கள். மீட்டர் இழுக்கும் கரன்ட் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பத்து இழை அறுந்து ஒரே இழையில் தொங்கும் ஒயரிலும் அது 12.6 காட்டும். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது, சாக்கெட்டின் பின்பக்கம் ஒயர் நுழையும் இடத்தில் முனையைச் செருகி அளப்பதுதான் அளவு.

இன்ஜினை ஓடவிட்டு டிம்மைப் போடுங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மறு முனை எரியும் பல்பின் சப்ளை பின்னில். மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்த வோல்டேஜ். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அப்புறம் ஒரு முனையைப் பல்பின் எர்த் பின்னிலும் மறு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். இது 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

என் காரில் பேட்டரியில் 13.9, பல்பில் 11.2. நடுவில் 2.7 வோல்ட் காணவில்லை. ஒவ்வொரு இணைப்பாக முனையை நகர்த்திக்கொண்டே போனேன். ஃபியூஸ் கிளிப்பில் 0.5, சுவிட்சும் டிப்பரும் சேர்ந்து 0.9, ஒயரில் 0.9, எர்த்தில் 0.4. பெரிய கோளாறு என்று ஒரு இடத்தைக்கூடக் கைகாட்ட முடியவில்லை. நாலு சிறு ஓட்டைகள் சேர்ந்து குடத்தைக் காலி செய்துகொண்டிருந்தன.

இதற்கு வைத்தியம் ரிலே. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று, 30 ஆம்பியர் அல்லது 40 ஆம்பியர் ரிலே. பேட்டரி பாசிட்டிவிலிருந்து புது ஒயர், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30 என்ற பின்னுக்கு. பின் எண்கள் ரிலேயிலேயே போட்டிருக்கும். 87-லிருந்து பல்புகளுக்கு. பழைய டிம் ஒயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. பிரைட்டுக்கும் இதே மாதிரி. 86-க்கும் 85-க்கும் நடுவில் இருக்கும் ரிலேயின் சுருள் இழுப்பது கால் ஆம்பியருக்கும் குறைவு என்பதால் பழைய சுவிட்சுக்கு இனி சுமையே இல்லை. அது கட்டளை மட்டும் கொடுக்கும். ஒவ்வொரு ரிலேக்கும் தனியாக 15 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். ஒன்று போனாலும் இன்னொரு பீம் மிஞ்சும், நடுரோட்டில் முழு இருட்டாகாது.

கரன்ட் ஓடும் ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும். 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.018 ஓம். நாலு மீட்டர் ஓடி ஒன்பது ஆம்பியர் போனால் 0.65 வோல்ட் அதிலேயே போய்விடும். 2.5-இல் அது கால் வோல்ட்டுக்குச் சற்று மேல். சுருளுக்குப் போகும் ஒயர் மெல்லிசாக இருந்தால் போதும். ரிலேயைப் பின்கள் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். மேலே பார்த்தால் ஐப்பசி மழையில் அது தண்ணீர் பிடிக்கும் கிண்ணம்.

ரிலே மாட்டிய அன்று இரவு என் காரில் பல்பில் 13.4. அதே 60/55 பல்பு, அதே லைட். எதிர்ச் சுவரில் இருந்த போஸ்டர் எழுத்தைச் சீட்டில் உட்கார்ந்தபடி படிக்க முடிந்தது.

ஒரு கண் மட்டும் மங்கல்

ஒரு பக்கம் நன்றாகவும் மறு பக்கம் சோர்ந்தும் எரிந்தால் முதலில் பல்பை இடம் மாற்றிப் போடுங்கள். மங்கலும் பல்போடு சேர்ந்து போனால் பல்பு. அதே பக்கத்திலேயே நின்றால், நூற்றுக்குத் தொண்ணூறு எர்த்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், பட்டினப்பாக்கம் பக்கம் தெருவில் நிற்கும் கார்களுக்கு இது தப்பாது. கடற்காற்று செம்பில் களிம்பு ஏற்றிவிடும். என் காரில் இடது பக்க எர்த் ஒயர் வெளியிலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி கறுப்பாக இருந்தது. ஒயர் முனையில் இருந்த லக்கைக் கழற்றி உறையை ஒரு அங்குலம் சீவினேன், உள்ளே பச்சை. இன்னொரு அங்குலம் சீவினேன், அங்கேயும் பச்சை, விரலால் நெருடினால் மாவாக உதிர்ந்தது. செம்பு நிறம் தெரிய ஒரு சாண் வெட்ட வேண்டியிருந்தது.

அந்த ஒயர் போய்ச் சேரும் இடத்தில் இன்னொரு தொல்லை. முந்தைய வருடம் டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்தவர்கள் எர்த் திருகு உட்காரும் இடத்தின் மேலேயும் அழகாக பெயின்ட் அடித்து, அதன் மேல் திருகை முடுக்கியிருந்தார்கள். பெயின்ட் கரன்ட்டைக் கடத்தாது. திருகின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பழைய காருக்குப் பெயின்ட் அடித்த பிறகு லைட் மங்கினால் நேராக இங்கேதான் பாருங்கள்.

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் புதுப்பேட்டைச் சந்து ஒன்றில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த வயதான எலக்ட்ரீஷியன். நான் சப்ளை ஒயரையே தோண்டிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து வந்து, ஒரு துண்டு ஒயரைப் பல்பின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் வைத்து அழுத்தினார். மங்கிக் கிடந்த லைட் சட்டென்று வெள்ளையாக எரிந்தது.

"பாத்தியா தம்பி, கரன்ட் போறதுக்கு வழி இருக்கு. திரும்பி வர்றதுக்குத்தான் வழி இல்ல."

"அப்போ இந்த ஒயர மாத்துனா போதுமாண்ணே?"

"ஒயர மாத்து, திருகு எடத்த வெள்ளையா சொரண்டு, மாட்டிட்டு மேல கொஞ்சம் வாசலின் தடவு. பல்பு வாங்க ஓடாத."

கிளிப் வைத்த ஒயரை நான் முதலிலேயே கேட்டது இதற்காகத்தான். அரை நிமிடச் சோதனை. வெளிச்சம் கூடினால் எர்த் கோளாறு உறுதி.

எர்த் கெட்டதற்கு இன்னொரு அடையாளம், இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட்டும் கூடவே துடிப்பது, அல்லது டிம் போட்டால் பார்க்கிங் லைட் அசட்டுத்தனமாக மினுக்குவது. திரும்பிப் போக வழியில்லாத கரன்ட் பக்கத்து விளக்கின் இழை வழியாக வழி தேடுகிறது. வேறு பக்கம் தேடாதீர்கள்.

டிம் வருகிறது, பிரைட் இல்லை. அல்லது இரண்டும் மாறி வருகிறது

மாறி வந்தால் சாக்கெட்டில் ஒயர்கள் இடம் மாறியிருக்கின்றன. கடையில் வாங்கும் புது ஹோல்டர்களின் ஒயர் நிறத்தை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பல்பைக் கையில் எடுத்து மூன்று பின்னில் இரண்டிரண்டாகப் பேட்டரியில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கண்ணாடியை விரலால் தொடாமல், துணியால் பிடியுங்கள். உள்ளே இரண்டு இழை இருக்கும். சின்னக் கரண்டி மாதிரி ஒரு தகடு அடியில் ஏந்திக்கொண்டிருப்பது டிம் இழை, தகடு இல்லாதது பிரைட். எந்தப் பின் இரண்டுக்கும் பொதுவோ அது எர்த். குறித்துவைத்துக்கொண்டு சாக்கெட்டை அதற்கேற்ப மாற்றுங்கள்.

அம்பாசடர் மாதிரி, பிரிட்டனின் லூக்காஸ் கம்பெனி வழி வந்த ஒயரிங்கில் நிறங்களுக்குப் பொருள் உண்டு. நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், நீலத்தில் சிவப்புக் கோடு டிம், முழு நீலம் டிப்பருக்கு வரும் சப்ளை, கறுப்பு எர்த், பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது. இதெல்லாம் யாரும் கை வைக்காத காரில். நம் கார்களில் நாலு கை மாறியிருக்கும். நீலம் தீர்ந்துபோன அன்று கையில் இருந்த மஞ்சளைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். நிறத்தைப் பார்த்துவிட்டு டெஸ்ட் லேம்பாலும் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிரைட் மட்டும் வராவிட்டால், பழைய அம்பாசடர்களில் காலால் மிதிக்கும் டிப்பர் சுவிட்சைப் பாருங்கள். தரையில் மிதியடிக்குப் பக்கத்தில், மழைநீரும் செருப்பு மண்ணும் சேரும் இடத்தில் அது இருக்கிறது. உள்ளே துரு ஏறியிருக்கும்.

ரெடிமேட் ரிலே செட் மாட்டினேன், எதுவுமே எரியவில்லை

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ரிலே, ஃபியூஸ், ஹோல்டர் எல்லாம் கோர்த்த ஒயர் செட் கிடைக்கிறது. பழைய சாக்கெட்டை அதில் செருகி, பேட்டரியில் கொடுத்தால் வேலை முடிந்தது என்பார்கள். பத்மினியில், அம்பாசடரில் முடிந்துவிடும். ஆனால் ஜப்பானிய வடிவமைப்புகள் பலவற்றில் முடியாது. காரணம், அவற்றில் சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும். பல்பின் பொதுப் பின்னுக்கு எப்போதும் பாசிட்டிவ் வரும். டிம்மா பிரைட்டா என்பதை எந்தப் பின்னை எர்த் செய்வது என்று சுவிட்ச் தீர்மானிக்கும்.

டெஸ்ட் லேம்பின் கிளிப்பைப் பேட்டரி நெகட்டிவில் மாட்டி, காலி சாக்கெட்டின் மூன்று துளையையும் தொட்டுப் பாருங்கள். டிம்மில் ஒரு துளையும் பிரைட்டில் வேறொரு துளையும் எரிந்தால் பாசிட்டிவ் சுவிட்ச். டிம்மிலும் பிரைட்டிலும் ஒரே துளைதான் எரிகிறது, மற்ற இரண்டும் எரியவே இல்லை என்றால் எர்த் சுவிட்ச்.

பல ரெடிமேட் செட்களில் சுருளின் ஒரு கால் பாடிக்கு எர்த் ஆகியிருக்கும், மறு கால் டிம் துளைக்குப் போகும். எர்த் சுவிட்ச் காரில் டிம் துளையில் வருவதும் எர்த். இரண்டு காலும் எர்த் என்றால் சுருள் எப்படி இழுக்கும்? பாடிக்குப் போகும் காலை வெட்டி, சாக்கெட்டின் பொதுத் துளைக்குக் கொடுங்கள். சாதாரண ரிலேக்கு எந்தக் காலில் பாசிட்டிவ், எந்தக் காலில் எர்த் என்பது ஒரு பொருட்டே இல்லை. உள்ளே டையோடு வைத்த ரிலேயாக இருந்தால் மட்டும் மேலே போட்டிருக்கும் படத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

ரிலே "டிக்" என்கிறது, லைட் இல்லை

டிக் சத்தம் கேட்டால் பழைய சுவிட்ச், பழைய ஒயர் எல்லாம் வேலை செய்கின்றன. கோளாறு 30-க்கும் பல்புக்கும் நடுவில். 30-இல் டெஸ்ட் லேம்ப் எரியாவிட்டால் ஃபியூஸ். 30-இல் எரிந்து 87-இல் எரியாவிட்டால் ரிலேயின் கான்டாக்ட் போய்விட்டது. 87-இலும் எரிந்தால் அதற்குப் பிறகு ஒயர் அல்லது எர்த்.

ஐந்து பின் ரிலே வாங்கியிருந்தால் நடுப் பின்னில் 87 என்று போட்டிருக்கிறதா, 87ஏ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 87ஏ எதிர்ப்பக்கம். ரிலே சும்மா இருக்கும்போதுதான் அதில் சப்ளை இருக்கும். அதில் பல்பைக் கொடுத்துவிட்டால் சுவிட்ச் போடாதபோது லைட் எரியும், போட்டால் அணையும். காலையில் பேட்டரி காலி.

ரிலே கடகடவென்று அடித்துக்கொண்டால், சுருளுக்கு வரும் வோல்டேஜ் பிடித்து நிற்கப் போதவில்லை. பேட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது 85-இன் எர்த் லூஸ்.

ஃபியூஸ் போகிறது

லைட் போட்ட நொடியில் போனால் எங்கோ ஒயர் தகட்டைத் தொடுகிறது. ரேடியேட்டர் பக்கத் தகட்டில் இருக்கும் துளை வழியாக ரப்பர் வளையம் போடாமல் ஒயரை இழுத்திருப்பார்கள். இன்ஜின் அதிர்வில் தகட்டின் விளிம்பு உறையை அறுத்துவிடும். அங்கிருந்து தேடுங்கள்.

பத்து நிமிடம் கழித்துப் போனாலோ, ஃபியூஸ் போகாமல் அதன் பிளாஸ்டிக் மட்டும் இளகினாலோ, ஃபியூஸ் ஹோல்டரில் பிடிப்பு இல்லை. லூஸான இடம் சூடாகும். கூடுதல் ஆம்பியர் ஃபியூஸ் போட்டுச் சமாளிக்காதீர்கள். அப்புறம் ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும். பத்மினியில் பீங்கான் உடலுக்கு மேல் உலோகப் பட்டை ஓடும் ஃபியூஸ் வரும். இரு முனையையும் கிளிப்பையும் உப்புத்தாளால் தேய்த்து, கிளிப்பைச் சற்று உள்ளே அழுத்திப் போட்டாலே பாதிக் கோளாறு தீரும். பழைய பிரிட்டிஷ் ஒயரிங்கில் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே இல்லாத கார்களும் உண்டு. அந்தக் காரில் லைட்டைத் தொடுகிறீர்கள் என்றால் முதல் வேலை ஃபியூஸ் போடுவது.

கருகும் வாடை, பழுப்பாகும் ஹோல்டர்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நவம்பர் இரவு கோவளம் தாண்டி வரும்போது எனக்கு அந்த வாடை வந்தது. மீன் கருவாடும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கருகினாற்போல ஒரு வாடை. வெளியிலிருந்து வருகிறது என்று கண்ணாடியை ஏற்றினேன், வாடை கூடியது. ஓரங்கட்டி, பானட்டைத் தூக்கி, வலது லைட்டின் பின்பக்கம் கை வைத்தேன். ஹோல்டர் களிமண் மாதிரி விரலோடு வந்தது. கூட என் அம்மா இருந்தார். டிம்மை அணைத்துவிட்டு, பார்க்கிங் லைட்டில், முன்னால் போன ஒரு பஸ்ஸின் பின்னாலேயே திருவான்மியூர் வரை மெதுவாக வந்து சேர்ந்தோம். அந்த அரை மணி நேரம் இன்னும் மறக்கவில்லை.

காரணம் 100/90 வாட் பல்பு. பிரைட்டில் இரண்டும் சேர்ந்து பதினாறு ஆம்பியருக்கு மேல். பத்து ஆம்பியருக்குச் செய்த ஒயரிலும் ஹோல்டரிலும் அது ஓடியது. வெப்பம் கரன்ட்டின் இருமடிக்கு ஏற்பக் கூடும். கரன்ட் 1.7 மடங்கானால் பின்களில் சூடு ஏறக்குறைய மூன்று மடங்கு. விற்ற கடையில் "பீங்கான் ஹோல்டர் போட்டா சரியாயிடும்" என்றார்கள். பீங்கான் உருகாது, உண்மைதான். ஆனால் சூடு போகாது. ஒயரின் உறையும், ரிஃப்ளெக்டரின் பூச்சும் அடுத்ததாகப் போகும்.

100/90 வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ரிலே போட்டு முழு வோல்டேஜில் எரியும் 60/55, பழைய ஒயரில் எரியும் 100/90-ஐவிட நல்ல வெளிச்சம் தரும். எதிரே வருபவரின் கண்ணையும் குருடாக்காது. காரின் அசல் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது, எஃப்சிக்குப் போகும்போது லைட்டையும் பார்ப்பார்கள்.

ஹோல்டர் பழுப்பாகியிருந்தால் பின்னை மட்டும் மாற்றாமல், கறுத்த ஒயரை நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி, புது பின்னைக் கிரிம்ப் பிளையரால் அழுத்திப் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றும் ஜாயின்ட் ஹெட்லைட் ஒயரில் எங்கேயும் வேண்டாம்.

சிக்னலில் நின்றால் மங்குகிறது, ஆக்சிலரேட்டர் மிதித்தால் தெளிகிறது

இது லைட்டின் குறை இல்லை. ஆல்டர்னேட்டருக்கு முந்தைய டைனமோ உள்ள கார்களில் ஐடிலில் சார்ஜிங் கிடையாது, டைனமோவையும் பேட்டரியையும் இணைக்கும் கட்-அவுட் திறந்துகொள்ளும், லைட் முழுவதும் பேட்டரி தலையில். லூக்காஸ் சி40 டைனமோ வேகத்தில் ஓடும்போதே 22 ஆம்பியர்தான் தரும். ஹெட்லைட்டுக்குப் பத்து, வைப்பருக்கு, பின்லைட்டுக்கு, இக்னிஷனுக்கு என்று கணக்குப் போட்டால் மழை இரவில் மிச்சம் ஒன்றுமில்லை. ஆல்டர்னேட்டர் உள்ள காரிலும் இப்படி என்றால் முதலில் ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். இன்ஜின் சற்று வேகமாக ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். 13-ஐயே எட்டாவிட்டால் ஆல்டர்னேட்டரைக் கழற்றிக் காட்ட வேண்டியதுதான்.

எல்இடி போட்டேன்: மினுக்குகிறது, ரேடியோ இரைகிறது, நீல விளக்கு அணையவில்லை

எல்இடிக்குத் திசை உண்டு. பல எச்4 எல்இடிகள் பொதுப் பின்னில் எர்த் வரும் என்று எதிர்பார்க்கும். எர்த் சுவிட்ச் காரிலும் பாசிட்டிவ் எர்த் காரிலும் எரியாது, அல்லது இரண்டு பீமும் சேர்ந்து அரைகுறையாக மினுக்கும். பிரைட் போட்டதைக் காட்டும் டேஷ்போர்டின் நீல விளக்கு வழியாகக் கசியும் சிறு கரன்ட்டே எல்இடியை மினுக்க வைக்கப் போதும். நெகட்டிவ் எர்த் காரில் மேலே சொன்ன ரிலே மாற்றம் இதையும் தீர்த்துவிடும், ஏனென்றால் பல்பு இனி பழைய ஒயரோடு சேர்ந்தே இருக்காது.

எஃப்எம்மில் இரைச்சல் வந்தால் எல்இடியின் டிரைவர் டப்பாதான் காரணம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிளிப் மாதிரி மூடும் ஃபெரைட் வளையம் கிடைக்கும். டிரைவருக்கு அருகே ஒயரில் மாட்டுங்கள், ஒயரை ஏரியல் கேபிளிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள்.

ஆனால் எச்4 ரிஃப்ளெக்டர், ஒரு மெல்லிய இழை குறிப்பிட்ட புள்ளியில் எரியும் என்று கணக்குப் போட்டு வளைக்கப்பட்டது. எல்இடியின் சில்லுகள் அந்தப் புள்ளியில் அதே வடிவில் இருப்பதில்லை. பம்பருக்கு முன்னால் பத்தடி வெள்ளையாகக் கொட்டும், தூரத்தில் ஒன்றும் தெரியாது, எதிரே வருபவர் திட்டுவார். எல்இடி வேண்டுமென்றால் ரிஃப்ளெக்டரோடு சேர்த்து எல்இடிக்காகவே செய்த முழு 7 அங்குல லைட்டை வாங்குங்கள்.

மழைக்குப் பிறகு உள்ளே நீராவி

பின்பக்க ரப்பர் மூடி கிழிந்திருக்கும், அல்லது எல்இடியின் ஃபேன் இடிக்கிறது என்று மூடியைப் போடாமல் விட்டிருப்பார்கள். மூடி புதிதாகப் போடுங்கள். ஹாலஜன் என்றால் அரை மணி எரியவிட்டால் ஈரம் காய்ந்துவிடும். எல்இடி முன்பக்கம் சூடாகாது, கழற்றித்தான் காய வைக்க வேண்டும். லைட் மட்டம் வரை வெள்ளத் தண்ணீரில் நின்ற கார் என்றால் ஒவ்வொரு சாக்கெட்டையும் திறந்து பாருங்கள். வெளியே காய்ந்தாலும் உள்ளே களிம்பு வளர்ந்துகொண்டே இருக்கும்.

எதிரே வருபவர்கள் எல்லாம் டிப் அடிக்கிறார்கள்

வெளிச்சம் நன்றாக வந்த பிறகுதான் இது தொடங்கும். மூன்று விஷயம் பாருங்கள்.

பல்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா. எச்4 பல்பின் வளையத்தில் மூன்று காது, அகலமானது மேலே வர வேண்டும். தவறாகத் திணித்து கம்பியை மாட்டியிருந்தால் டிம்மே ஆகாயத்தைப் பார்க்கும்.

லைட் எந்த ஊர்ச் சாலைக்குச் செய்தது. நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு இடப்பக்கம் மேலே ஏற வேண்டும், நடைபாதையும் பலகையும் தெரிவதற்காக. வலது பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த லைட்டில் அது வலப்பக்கம் ஏறும், நேராக எதிர்வண்டியின் கண்ணில். ஐரோப்பிய முத்திரை உள்ள லைட் என்றால் கண்ணாடியில் அம்புக்குறி பாருங்கள். லைட்டை எதிரே நின்று பார்க்கும்போது வலப்பக்கம் காட்டும் அம்பு இருந்தால் அது நமக்கானது. அம்பே இல்லாவிட்டால் வலது பக்கச் சாலைக்கானது. அதை எந்தத் திருகாலும் சரிசெய்ய முடியாது, வாங்கும் இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.

கடைசியாக உயரம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி, காருக்கு 8 மீட்டர் முன்னால், வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்கிறது. அடுக்குமாடியின் கீழ்த்தள பார்க்கிங் இதற்கு வசதியான இடம். டயர்களில் காற்றைச் சரிபார்த்து, ஓட்டுநர் சீட்டில் ஒருவரை உட்காரவைத்து, சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நேராக நிறுத்துங்கள். ஒவ்வொரு லைட்டின் நடுப்புள்ளி உயரத்தையும் சுவரில் சாக்பீஸால் குறித்து, அதற்கு 5 சென்டிமீட்டர் கீழே ஒரு கோடு போடுங்கள். ஒரு லைட்டைத் துணியால் மூடி, மற்றதன் டிம் விளிம்பின் தட்டையான பகுதி அந்தக் கோட்டில் உட்காரும்வரை மேல் திருகைத் திருப்புங்கள். விளிம்பு ஏறத் தொடங்கும் இடம் லைட்டின் நேர் எதிரே வரும்வரை பக்கத் திருகு. அப்புறம் அடுத்த லைட். பழைய கார்களில் இந்தத் திருகுகளின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். ஒரு வாரம் ஓட்டிவிட்டு, அதே சுவரில் அந்தச் சாக்பீஸ் கோடு அழிவதற்குள் இன்னொரு முறை நிறுத்திப் பாருங்கள்.